விருந்தாளிக்கு ஆடிக்காட்டிய குறத்தி நடனம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை என் வீட்டுக்காரர் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொல்லிக்கொள்வதில் ஆட்சேபணை இல்லை. நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வீடு, இருபது நிமிட டிரைவில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை. பக்கத்து மேசைக்காரியை நாலு வருஷமாக இத்தாலிக்காரி என்றே நினைத்திருந்தேன். அவளும் திருத்தவில்லை.

ஒருநாள் லஞ்சில் என் தயிர்சாதத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டே சொன்னாள். அவள் ரோமா இனம். ஐரோப்பாவில் சின்ட்டி, ரோமா என்று இருக்கிற மக்கள். வெளியார் ஜிப்சி என்பார்கள், அந்தச் சொல் அவளுக்கு ஆகாது. ஹிட்லர் காலத்தில் யூதர்களைப் போலவே இவர்களையும் முகாம்களில் அடைத்துக் கொன்றார்கள். இன்றைக்கும் அங்கே சில ஊர்களில் இவர்கள் பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்கார வைக்கிறார்களாம். அந்தப் பிள்ளைகளுக்காக மனு எழுதுவது, வக்கீல் பிடிப்பது, வாடகைக்கு வீடு தர மறுத்தவன் மேல் புகார் கொடுப்பது என்று, லேப் வேலை முடிந்தபின் வருஷக்கணக்காக உழைத்திருக்கிறாள். அதற்கு ஒரு விருது வந்திருந்தது. விழா நியூயார்க்கில். கூட இரண்டு பேரை அழைத்துப் போகலாம். ஒருத்தி அவள் அக்கா. இன்னொரு இடத்துக்கு நீ வருகிறாயா என்று கேட்டாள். லேபில் யாருக்கும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லேபில்தானே சொல்லக் கூடாது? வீட்டுக்கு வந்து போனில் தேடினால், அவர்களின் முன்னோர் பல நூறு வருஷங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்று இருக்கிறது. தண்ணீருக்கு அவர்களும் பானி என்கிறார்கள். தமிழச்சிக்கும் பானிக்கும் என்னடி சம்பந்தம் என்று யோசிக்கிற நிதானம் அன்றைக்கு இல்லை. முந்திரிக்கொட்டை மாதிரி தமிழ்ச் சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டேன்: என் ஃப்ரெண்டுக்கு விருது, நம்ம ரத்தம், எப்பவோ பிரிந்துபோன சொந்தம்.

பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்திவிடலாம் என்றார் செயலாளர் அண்ணா. அவள் தயங்கினாள். நான் விடவில்லை. உனக்காக வருகிறேன் என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆறாவது படிக்கும்போது சாத்தூரில் பள்ளி ஆண்டு விழாவில் குறத்தி வேஷம் கட்டி முதல் பரிசு வாங்கியவள் நான். அதை என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து, வந்த விருந்தாளிக்கு ஆடிக்காட்டினால் எவ்வளவு பொருத்தம் என்று தோன்றியது. பொருத்தமாம், பொருத்தம்! செயலாளர் அண்ணாவும், "சூப்பர் ஐடியா சிஸ்டர், ஸ்லாட் குடுத்துடறேன்" என்றார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

வாடகைக்கு எடுத்த ஹைஸ்கூல் அரங்கம். முன்வரிசையில் அவளும் அவள் அக்காவும். என் மகள் பாசிமணியும் கூடையுமாகக் குலுங்கி ஆடினாள். கடைசியில் மேடையை விட்டு இறங்கி, விருந்தாளியின் கையைப் பிடித்துக் குறி சொல்ல வேண்டும். அது என் சொந்தச் சரக்கு, ஸ்பெஷல் ஏற்பாடு. அவள் கையை நீட்டினாள். குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். சுற்றிலும் ஒரே கைதட்டல்.

திங்கள்கிழமை லஞ்சுக்கு அவள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. நியூயார்க் இடம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுகூடப் பெரிதில்லை, அவளே போய்விடுவாளோ என்றுதான் பயம். புதன்கிழமை அவள் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளிடம் கையை நீட்டி, குறி சொல்லு என்பார்களாம். வேறு எதற்காகவும் அவளிடம் யாரும் பேசியதில்லையாம். அதைச் சொல்லிவிட்டு, கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டாள்: "அந்த டிரஸ்ஸுக்குச் சொந்தக்காரங்க உங்க ஊர்ல இருக்காங்க இல்ல? அவங்க அந்த டான்ஸைப் பார்த்திருக்காங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. என் வகுப்பில் ஒரு நரிக்குறவர் பெண் இருந்தாள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு என்பதுகூட எங்கள் டீச்சருக்குத் தெரியாது; அவளுடைய பாசிமணியைக் கழற்றி வாங்கி எனக்குப் போட்டுவிட்டார். விழாவுக்கு அவளை உள்ளே விடவில்லை. ஆடி முடித்து, பரிசு வாங்கிக்கொண்டு நான் வெளியே வரும்வரை, மாலையைத் திருப்பி வாங்கப் பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்படியான விஷயம் என்றே தோன்றியதில்லை.

"அவ பேரு என்ன?"

வருஷம் முழுக்கக் காலையில் அட்டென்டன்ஸில் கூப்பிட்ட பெயர். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பார்க்கிங் லாட்டில் நின்று அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிறவரை காத்திருந்தாள்.

"சனிக்கிழமை வா. ஆனா நீ யாருன்னு அங்க யாராவது கேட்டா, சொந்தம்னு சொல்லாதே."

போனேன். அவள் பெயரைக் கூப்பிட்டபோது மொத்த அரங்கும் எழுந்து நின்றது. பெயர் சொல்லி அழைத்தாலே இத்தனை பேர் எழுந்திருக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் முகத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு, நீங்கள் இந்தியாவா, அப்படியானால் எங்கள் ரோமா சனத்துக்குச் சொந்தமாயிற்றே என்று வாஞ்சையோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது!

"இல்லைங்க, நாங்க ஒரே லேப்ல வேலை பார்க்கிறோம்" என்றேன்.