வண்டிக்கு எந்தத் தண்ணீர்?

ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள், கொதிக்கிற வண்டியோடு நடுரோட்டில் நின்று பார்க்காதவர்கள். நின்றிருக்கும் என் சக பாவிகளுக்காகவே இதை எழுதுகிறேன். இப்போது கூலன்ட் என்று பாட்டிலில் விற்கிறார்கள். அதில் எந்தத் தண்ணீரைக் கலப்பது என்று என் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் நான் மலாக்கா காஜா பெராங்கில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், மோட்டார் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். அப்போது வெறும் தண்ணீர்தான். உதிரிச் சாமானும் வராது. ரேடியேட்டர் அரித்து ஓட்டையானால் அந்த வண்டியை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். அதனால் எங்கள் தவுக்கே, வண்டிக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் தன் நாக்கில் விட்டுப் பார்ப்பார்.

கடலோரக் கிணறு

செமாபோக் பக்கம் வாடகைக் கார் ஓட்டிய சுப்பையா அண்ணன், கார் கொஞ்ச தூரம் ஓடினாலே கொதிக்கிறது என்று வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். கடலோரத்துக் கிணற்றில் என்றார். தவுக்கே ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

ரேடியேட்டரைக் கழற்றிப் புளித் தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஒரு நாள் முழுக்கக் கழுவினோம். வாழைமட்டையில் கொட்டிக் கிடந்த பொருக்கை சுப்பையா அண்ணன் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “கஞ்சிக்குப் போட உப்பு இல்லன்னு வீட்டுல அவ அழுவுறா. இங்க வண்டிக்குள்ள பாத்தி கட்டி விளைஞ்சிருக்கே.”

மாக் மீனாட்சியின் ஜாடி

மழைத் தண்ணீரை மிஞ்ச ஒன்றும் கிடையாது. அது பட்டறைக்குப் பக்கத்து வீட்டில், செட்டிக் குடும்பத்து மாக் மீனாட்சியின் கூரையடியில் பெரிய ஜாடி நிறைய இருந்தது. மாக் என்றால் மலாயில் அம்மா. தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிய குடும்பம் என்பதால் அவருக்குத் தமிழில் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான் தெரியும். மற்றதெல்லாம் மலாய். முதல்நாள் நான் வாளியோடு போய் லோரிக்குத் தண்ணீர் கேட்டபோது, யாருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். லோரிக்குத்தான் என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தார்.

ஒரு சமயம் வாரக்கணக்கில் மழை இல்லை. ஜாடி அடியில் போய்விட்டது என்று தெரிந்து நான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அவரே வேலியோரம் வந்து கூப்பிட்டார். கெபாயாச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மிச்சத் தண்ணீரை வாளியில் மொண்டு வைத்திருந்தார். வேண்டாம், பிள்ளைகளுக்கு வேண்டும் என்றேன். குருபோங் கிராமத்திலிருந்து எங்கள் தெருவுக்கே மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவது அந்த லோரிதான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாளியை வேலிக்கு மேல் நீட்டி, மலாயில் சொன்னார்: “கொண்டு போ. என் பிள்ளைங்க கிணத்துத் தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுக்கும். உன் லோரிதான் ரொம்பச் செல்லம்.”

பொறு

ஒரு நாள் மத்தியானம் ஜப்பான் ராணுவ லோரி ஒன்று ஆவி கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்த சிப்பாய் குதித்து இறங்கி, கிணற்றடி வாளியைத் தூக்கினான். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் இன்ஜின் பிளாக் விரிசல் விட்டுவிடும். விட்டால் பழி எங்கள் பட்டறை மேல்தான் விழும். அந்தக் காலத்தில் அப்படிப் பழி விழுந்தவர்கள் திரும்பி வந்ததில்லை. நான் குறுக்கே போய் நின்று, “துங்கு, துங்கு” என்றேன். மலாயில் பொறு என்று அர்த்தம். ஓங்கி ஓர் அறை விட்டான். கண் இருட்டியது, ஆனாலும் நகரவில்லை, நகரக் கால் வரவில்லை என்பதுதான் உண்மை. என்ன நினைத்தானோ, வாளியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான். இன்ஜின் ஆறியதும் நானே தண்ணீர் ஊற்றி அனுப்பினேன்.

கொஞ்ச நாள் கழித்து அதே சிப்பாய் இன்னொருவனோடு வந்தான். வண்டி நின்றதும் புதியவன் வாளியைத் தூக்கினான். பழையவன் “துங்கு” என்று சொல்லி அவனுக்குப் பளாரென்று ஒன்று வைத்தான். ஸ்பேனரைத் துடைத்தபடி தவுக்கே என் காதருகில் சொன்னார்: “நீ சொல்லிக்கொடுத்தது ஒண்ணுகூட விட்டுப்போகல.”

பேச்சி அக்காவின் கெட்டில்

அந்தக் கிழங்கு லோரியின் டிரைவர் முனுசாமி குருபோங்கில் இருந்தான். அவன் மனைவி அஞ்சலைக்கு வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்று மருத்துவச்சி பேச்சி அக்கா சொல்லிவிட்டார். கிழங்கு ஏற்றப் போயிருந்த நானும் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் ரேடியேட்டர் ஒழுகி, வண்டி கொதித்து நின்றது.

ரோட்டோரம் சேற்றுப் பள்ளத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. ஏற்கெனவே பாதி அடைத்த குழாய். அதை ஊற்றினால் ஊர் போய்ச் சேராது. பேச்சி அக்காவின் மடியில், துணி சுற்றிய கெட்டிலில் காய்ச்சிய தண்ணீர் இருந்தது. இளஞ்சூடு, கொதித்த இன்ஜினுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பிள்ளை வழியிலேயே வந்துவிட்டால் அதுதானே வேண்டும்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கிழங்குச் சாக்கைப் பிடித்தபடி அஞ்சலைதான் பேசியது. “குடுத்துருங்கக்கா. வண்டி நின்னுபோச்சுன்னா என்னை யாரு தூக்கிட்டுப் போவா?”

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கெட்டிலை நீட்டினார். முனுசாமி ஒழுகிய இடத்தில் துணி துவைக்கும் சவுக்காரத்தை அப்பினான். நான் மெதுவாக ஊற்றினேன். லோரி கிளம்பியது.

அன்று பொழுது சாய்வதற்குள் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் எனக்கு மறக்காதது, ஆஸ்பத்திரி வாசலில் ஆவி விட்டுக்கொண்டு நின்ற லோரியைப் பார்த்து முகம் சுளித்த நர்ஸிடம் பேச்சி அக்கா என்னைக் கைகாட்டிச் சொன்னதுதான்: “ரெண்டு கேஸ் கொண்டாந்திருக்கேன் மிஸ்ஸி. அதுக்கு இவரு இருக்காரு, நீங்க இந்தப் புள்ளையப் பாருங்க.”

ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங்கில் மனிதர்கள் நல்ல சாப்பாடு சாப்பிட்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். வண்டிகள் நல்ல தண்ணீர் குடித்தன என்பதற்கு நான் சாட்சி.