விசில் வராத குக்கர்

இலங்கையின் பலாங்கொடையில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சமையல் தொழிற்பயிற்சி கொடுக்கிறேன். என் வகுப்பில் படிக்கும் தர்ஷினிக்குக் காது கேட்காது. ஆரம்பத்தில் அவளை அடுப்பருகே விடவே எனக்குப் பயமாக இருந்தது. அதனால் அவளுக்கென்று எழுதிய தனிப் பயிற்சித் திட்டத்தில், விசிலுக்குப் பதில் கடிகாரத்தைச் சேர்த்தேன். குக்கரை ஏற்றியதும், முதல் விசில் வந்திருக்க வேண்டிய நிமிடத்தின் மேல் கடிகாரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவாள். முள் அதைத் தொட்டும் குக்கரின் வெயிட் ஆடாவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

அன்று பெரிய குக்கரில் கடலை வெந்துகொண்டிருந்தது. விசிலுக்காகக் காத்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கு நான் வெங்காயம் வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தர்ஷினி கேஸை மூடிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன்டி அணைச்ச? இன்னும் ஒரு விசில்கூட வரலையே!” என்று பக்கத்தில் நின்ற சுமதி கத்தினாள்.

தர்ஷினி கடிகாரத்தைக் காட்டினாள். முள் பொட்டின் மேல் நின்றது. குக்கரிலோ வெயிட் அசையவே இல்லை.

“எல்லாரும் வெளிய போங்க! ஓடுங்க!”

வாசலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். குக்கர் ‘உஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை. அந்த அமைதிதான் உயிரை வாங்கியது.

நன்றாக ஆறிய பிறகே திறந்தேன். ஆவி போகும் துளையைக் கடலைத் தோல் அடைத்திருந்தது.

“டீச்சர், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா என்னங்க ஆகியிருக்கும்?” என்றாள் சுமதி. நான் சிவப்புப் பொட்டு அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

இப்போது எல்லாப் பிள்ளைகளும் பொட்டு ஒட்டித்தான் குக்கரை ஏற்றுகிறார்கள். ஆனாலும் தர்ஷினி அடுப்பருகே இல்லாத நாளில்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.