இரண்டு சிவப்புக் குப்பிகள்

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தேன். துளித்துளியாக இருக்கும் சாமான்களைச் சாமணத்தால் பிடித்து சர்க்யூட் போர்டில் வைத்து, ஈயத்தை உருக்கி ஒட்ட வேண்டும். நான் சேர்ந்தபோது அவை அரிசி அளவுக்காவது இருந்தன. போகப் போக ரவை அளவுக்கு வந்துவிட்டன. எனக்கோ ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்வேன். ஒரு தும்மலுக்குப் பத்து சாமான் பறந்து போகும். அப்புறம் தரையில் தவழ்ந்து தேட என் கண்ணால் ஆகாது.

கண் மங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி போட்டவர்களையும் நாளைக்கு முடிக்கும் போர்டுக் கணக்கில் குறைந்தவர்களையும் எங்கள் கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். பேக்கிங்குக்குப் போனவர்கள் கொஞ்ச நாளில் நின்றுவிடுவார்கள், அல்லது நிறுத்தப்படுவார்கள். என் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த வேலையால்தான். அதனால் ஸ்டேஷன் வாசல் பிளாட்பாரத்தில் வாங்கிய வெள்ளெழுத்துக் கண்ணாடியை டிபன் பைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தேன். வீட்டில் மட்டும்தான் போடுவேன்.

யார் செய்த போர்டு என்று தெரிய, முடித்ததும் ஒரு மூலையில் அவரவர் நிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைப்போம். சாயங்காலம் டெஸ்டிங் மேசையில் பொட்டைப் பார்த்துப் பிரித்து எண்ணுவார்கள். பழுதானது அந்தப் பொட்டுக்காரியிடமே திரும்பி வரும். என் நிறம் சிவப்பு. பக்கத்து நாற்காலியில் அண்ணனூரிலிருந்து வரும் ஒருத்திக்கு மெரூன். எந்தப் புண்ணியவான் இந்த இரண்டையும் ஒரே பெஞ்சுக்குக் கொடுத்தானோ! இரண்டு குப்பிகளும் எங்களுக்கு நடுவில்தான் நிற்கும்.

ஒரு சமயம் என் கணக்கு குறைய ஆரம்பித்தது. கை ஓயாமல் செய்திருப்பேன். சாயங்காலம் பார்த்தால் பாதிதான் இருக்கும். அவள் கணக்கோ ஏறிக்கொண்டே போனது. “இன்னாமா, கை ஸ்லோவாயிடுச்சா?” என்று சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அவள் மேல் சந்தேகம் விழுந்தது அன்றைக்குத்தான்.

விழுந்தபிறகு அவள் செய்வதெல்லாம் திருட்டாகவே தெரிந்தது. சாப்பிட்டுவிட்டு எனக்கு முன்னால் சீட்டுக்கு வந்தால் ஏன் வந்தாள்? என் டிரேயைத் தள்ளி வைத்தால் எதற்குத் தள்ளினாள்? ஒருநாள் அவள் வடை கொடுத்தாள். இதில் என்ன இருக்கிறதோ என்று பயந்து, வேண்டாம் என்றேன்.

பிறகு ஒரு தந்திரம் செய்தேன். நான் முடிக்கும் ஒவ்வொரு போர்டின் அடியிலும் சாமணத்தின் முனையால் ஒரு கீறல் போட்டேன். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். சாயங்காலம் டெஸ்டிங் மேசையில் அவள் கணக்கில் அடுக்கியிருந்த போர்டுகளைத் தடவிப் பார்த்தேன். ஒன்றில் தட்டியது. அடுத்ததில் தட்டியது. அதற்கடுத்ததிலும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சூப்பர்வைசரை அங்கேயே கூப்பிட்டேன். “சார், என் போர்டை எடுத்து இவ பொட்டு வெச்சிக்கிறா. அடியில தடவிப் பாருங்க, என் கீறல் கீது” என்றேன்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள். “அய்யே, நானா? சார், இந்த அக்காதான் வீணாப்போன போர்டுக்கெல்லாம் என் கலரை வெச்சி என் தலையில கட்டிகினு கீது. டெஸ்டிங்லேர்ந்து திரும்பி வர்றத நான் உக்காந்து ரிப்பேர் பண்ணிகினு கீறேன். ரொம்ப நாளா பாத்துகினுதான் இருக்கேன்!”

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பெஞ்சிலிருந்த குப்பிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, “உன் பொட்டை இதுல வை, பாப்போம்” என்று ஒரு காலி போர்டை என்னிடம் நீட்டினார். இதென்ன பெரிய வித்தை என்று சிவப்பை எடுத்து அழுத்தமாக வைத்தேன்.

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “மெரூன்மா அது” என்றார் சூப்பர்வைசர், குரலைத் தாழ்த்தி. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அவள் என் கையிலிருந்து தன் குப்பியை வாங்கி, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பியின் கழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு எடுத்துப் போனாள். என்ன திமிர் என்று நினைத்தேன்.

மறுநாள் என்னைப் பேக்கிங்கில் உட்கார வைத்தார்கள். அங்கே கண்ணாடியை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமில்லை. போட்டுக்கொண்டு பார்த்தபோது, கட்ட வந்த போர்டுகளில் சிவப்பும் மெரூனும் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிந்தன.

அடுத்த மழைக்காலத்தில் அவளும் பேக்கிங்குக்கு வந்தாள். அவள் வைக்கும் ஈயம் சாமானின் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கும் வழிந்து ஒட்டிக்கொள்கிறது என்று மாற்றிவிட்டார்களாம். என் எதிரில் உட்கார்ந்து, டிபன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். என்னுடையதைப் போலவே பிளாட்பாரக் கண்ணாடி.

“இது எப்போ வாங்கின?”

“உன் பக்கத்துல உக்காந்துகினு இருந்தப்பவே வாங்கிட்டேங்கா. ஊட்டுல மட்டும் போடுவேன்.”

“அப்போ உனக்கு மட்டும் கலரு எப்படித் தெரிஞ்சிது?”

“எங்க தெரிஞ்சிது? என் குப்பி கழுத்துல நூலு சுத்தி வெச்சிருந்தேன். தடவிப் பாத்துதான் எடுப்பேன்.”

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஒரு நூலைக் கட்டியிருப்பேனேடி!”

அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். “சொல்லியிருந்தா, எனக்குக் கண்ணு தெரியலன்னு நேரா சார்கிட்ட போய் நின்னிருக்க மாட்ட?”

நின்றிருப்பேன். அடுத்த அட்டைப்பெட்டியை எடுத்து மடித்தேன்.