தண்ணீர் குடிக்கப் பள்ளி மாறியவர்

ஜரீனா மிஸ் இறந்துபோன செய்தி வந்தபோது நான் குமணன்சாவடியில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கைப்பேசியில் அவருடைய பெயர்தான் வந்தது. எடுத்தவுடன், "குடிச்சாச்சு தாயே, காலையிலேயே ஒரு சொம்பு குடிச்சாச்சு" என்றேன். எப்போது கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி தண்ணீர் குடித்தேனா என்பதுதான். பதிலை முந்திக்கொண்டு சொல்லிவிடுவது என் வழக்கம். ஆனால் மறுமுனையில் இருந்தது அவருடைய மகள் ஷிஃபா. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். அடுப்பில் டீ வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கீரைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஏன் இப்டி நின்னுகினு கீற? யாருக்கு இன்னா?" என்றார். கூட வேலை பார்த்தவங்க என்று சொன்னேன். அந்தப் பதில் போதவில்லை என்று எனக்கே பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூந்தமல்லியில் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கும் கரீம் பாயின் மனைவி அவர். நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய தனியார் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். அதே பள்ளியில் நான் தமிழாசிரியை. ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. கண்டிப்பானவர், யார்மீதாவது கோபம் வந்தால் ஒரு பருவம் முழுக்கப் பேச மாட்டார். என் புளியோதரையை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மிஸ், நீங்க தமிழ் நல்லா நடத்துறீங்க. அதோட நிறுத்திக்கலாமே" என்று சொன்னவர். ரம்ஜான் பிரியாணியை மட்டும் தூக்குச்சட்டி வழியக் கொண்டுவந்து தருவார். அந்தப் பிரியாணிக்காகவே நான் எதிர்த்துப் பேசாமல் இருந்தேன்.

ஆசிரியைகள் பெரும்பாலும் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு பழக்கம் உண்டு. பள்ளி நேரத்தில் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டும், போக நேரமில்லை. எங்கள் பள்ளியில் மாடிக்கு மாடி வகுப்புகள், ஆசிரியைகளுக்கான கழிப்பறையோ கீழே, அலுவலகத்துக்குப் பின்னால், தாளாளர் அறையைத் தாண்டி. ஒரு பீரியட் முடிந்த மணியும் அடுத்ததற்கான மணியும் ஒன்றுதான். இடைவேளையில் போகலாமே என்பீர்கள். இடைவேளையில் வராந்தாவில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டியூட்டி இருக்கிறது. வகுப்பை விட்டு இறங்கினால் கேமராவில் தெரியும். மாலையில் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் காலையில் நிரப்பிக்கொண்டு போகும் பாட்டில் மாலையில் அப்படியே வீடு திரும்பும். தொண்டை வறண்டால் நனைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

"எனக்கு வருஷம் முழுக்க நோன்புதான் மிஸ். ரம்ஜான் நோன்புலயாவது சாயங்காலம் பேரீச்சம்பழம் குடுக்குறாங்க" என்று ஜரீனா மிஸ் சொல்வார். நாங்கள் சிரிப்போம். சிரித்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவோம்.

கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. விட்டுப்போன பாடங்களை முடிக்க வேண்டும் என்று இடைவேளையைச் சுருக்கினார்கள். ஜரீனா மிஸ்ஸுக்கு அடிவயிற்றில் எரிச்சல், காய்ச்சல் என்று அடிக்கடி வரும். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். ஒரு நாள் கரும்பலகையில் தேற்றம் எழுதிக்கொண்டிருந்தவர் நடுக்கம் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஆவடியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம்வரை கிருமி ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார். ஜரீனா மிஸ் சொன்ன பதிலைக் கேட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன வேலை?" என்றார். டீச்சர் என்றதும் பெருமூச்சு விட்டார். "டீச்சருங்க என்கிட்ட நிறைய வர்றாங்கம்மா. நான் மருந்து தர்றேன். ஆனா மறுபடி அதே மாதிரி நின்னீங்கன்னா கிட்னி போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல."

அந்த வார்த்தை ஜரீனா மிஸ்ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. உடம்பு தேறி வந்ததும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, இடைவேளை டியூட்டியை மாற்றி மாற்றிப் போட்டால் எல்லோரும் போய்விட்டு வரலாம் என்று சொன்னார். எதற்குப் போவது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆண்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். தாளாளர், "மத்த மிஸ் எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலையா?" என்று கேட்டு எங்கள் பக்கம் திரும்பினார். யாரும் வாய் திறக்கவில்லை. ஜரீனா மிஸ் உட்கார்ந்துவிட்டார்.

பொதுத்தேர்வு முடியும்வரை காத்திருந்தார். கடைசித் தேர்வுக்கு மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். பள்ளியே திகைத்துப் போனது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கவைப்பவர் என்று பேர் எடுத்தவர். அவரை நம்பிப் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்கள் உண்டு. "எங்க பையன் பத்தாவது போற நேரத்துல இப்படிப் பண்றீங்களே மிஸ்" என்று ஓர் அம்மா அழுதே விட்டார். ஆசிரியர் அறையில், "இதுக்குப் போயா ஒரு வேலைய விடுவாங்க?" என்று பேச்சு. அதை நானும் ஒருநாள் அவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "இது, இதுன்னு சொல்றீங்களே மிஸ், இது என் உடம்பு. எனக்கு வேற உடம்பு கிடையாது" என்றார்.

தனியார் பள்ளிகளில் சில இடங்களில் வேலைக்குச் சேரும்போதே ஆசிரியரின் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படித்தான். திருப்பிக் கேட்டபோது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் போனால் அதற்கும் அடுத்த வாரம். வேறு பள்ளியில் சேர அந்தச் சான்றிதழ்கள் வேண்டும். மே மாதம், பிள்ளைகளைச் சேர்க்கும் மும்முரம், அலுவலகம் முழுக்கப் பெற்றோர் கூட்டம். ஜரீனா மிஸ் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரோடு வந்து பெற்றோர்களுக்கான சோபாவில் உட்கார்ந்துகொண்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. நிறையக் குடிப்பார். எழுந்து தாளாளர் அறை வாசலில் நின்று, "போயிட்டு வந்துர்றேன் சார்" என்று கணீரென்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போவார். திரும்பி வந்து மறுபடி குடிப்பார். அடையாளம் தெரிந்த பெற்றோர்கள், "ஏன் மிஸ் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்வார்.

பள்ளி ஆயா கஸ்தூரி அம்மா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னா மிஸ்ஸு, இத்தினி வருசமா போவாததெல்லாம் சேத்து வெச்சி இப்போ போயிகினு கீறீங்களா?" என்றார். "ஆமா கஸ்தூரிம்மா, பாக்கி நிறைய இருக்கு" என்றார் ஜரீனா மிஸ். அந்த வாரம் முடிவதற்குள் சான்றிதழ்கள் கைக்கு வந்துவிட்டன.

நெமிலிச்சேரியில் ஒரு சிறிய பள்ளியில் நேர்முகத் தேர்வுக்குப் போனார். துணைக்கு நான் போயிருந்தேன். தலைமையாசிரியை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்றார். சம்பளத்தைக் கேட்பார் என்று நினைத்தேன். "டீச்சர்ஸ் ரெஸ்ட் ரூமைப் பாக்கலாமா மேடம்?" என்றார் ஜரீனா மிஸ். அந்த அம்மையார் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு தானே எழுந்து அழைத்துப் போனார். சுத்தமாகத்தான் இருந்தது, தாழ்ப்பாள்தான் உடைந்திருந்தது. "தாழ்ப்பாள் போட்டுட்டுச் சொல்லுங்க மேடம், வந்து சேந்துக்கறேன்" என்றார். எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. தலைமையாசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாளே தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது என்று போன் வந்தது.

சம்பளம் குறைவுதான். வாசல் போர்டில் போட்டோ வரும் அளவுக்கு அங்கே பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்குவதில்லை. நசரத்பேட்டையில் ஏறி வெளிவட்டச் சாலையில் ஸ்கூட்டியில் போய் வருவார். காய்ச்சல் வருவது நின்றது. முகத்தில் சதை பிடித்தது. ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "மிஸ், இன்னிக்கு ஒண்ணு கவனிச்சேன். பசங்க மூஞ்சியப் பாத்துப் பாடம் நடத்துறேன். முன்னாடியெல்லாம் கடிகாரத்தப் பாத்துல்ல நடத்துவேன்" என்றார். எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. அன்றிலிருந்துதான் அவர் எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, குடிச்சீங்களா, போனீங்களா என்று உயிரை வாங்க ஆரம்பித்தார். நாங்கள் அவருக்குத் தண்ணி லாரி என்று பேர் வைத்தோம். அது தெரிந்தும் அவர் கூப்பிடுவதை விடவில்லை.

அந்த ஞாயிறு மதியம் பூந்தமல்லியில் அவருடைய வீட்டுக்குப் போனோம். மாலை அஸர் தொழுகை முடிந்து அடக்கம் செய்ய எடுத்துப் போவதாக இருந்தது. வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. கணக்குப் போட்டு முடித்துச் சாக்பீஸைக் கீழே வைத்தபின் அவர் முகம் அப்படித்தான் இருக்கும். நான் நன்றாக அழுதேன். பக்கத்தில் எங்கள் பள்ளி மூத்த ஆசிரியை ஒருவர், "உடம்பப் பாத்துக்கறேன்னு அவ்ளோ பெரிய வேலைய விட்டாங்க. பாவம், என்னத்தக் கண்டாங்க" என்று மெல்லச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் ஷிஃபாவின் காதில் விழுந்துவிட்டது.

"ஆன்ட்டி, எங்கம்மா அந்த ஸ்கூலுக்குப் போனதுலேந்து ராத்திரி வலியில்லாம தூங்குனாங்க. சாயங்காலம் ஸ்கூல்லேந்து சிரிச்சிக்கிட்டே வந்தாங்க. அதக் கண்டாங்க. நாங்களும் கண்டோம்" என்றாள்.



பத்து நாள் கழித்து எங்கள் பள்ளி அரங்கத்தில் இரங்கல் கூட்டம். பழைய மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் நிர்வாகமே ஏற்பாடு செய்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். மாணவர்களுக்காகத் தன்னையே அர்ப்பணித்த நல்லாசிரியை என்று அதில் எழுதியிருந்தது. ஷிஃபா அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, நீங்க பேசும்போது மட்டும் தியாகம் கியாகம்னு சொல்லிடாதீங்க." எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. தாளாளர் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயார் செய்து வைத்திருந்த பேச்சில் தியாகம் என்ற சொல் பலமுறை இருந்தது.

அதை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன். "ஜரீனா மிஸ் தன்னை அர்ப்பணிக்கவில்லை. அர்ப்பணிக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். நல்ல வேலையை விட்டுச் சிறிய பள்ளிக்கு அவர் போனதற்கு ஒரே காரணம், வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதுதான். வேறு பெரிய நோக்கம் எதையும் நாம் அவர்மீது ஏற்ற வேண்டாம். அவர் தனக்காகப் போனார். நன்றாக இருந்தார். அந்த நிம்மதியோடு நடத்திய பாடம்தான் அவர் நடத்தியதிலேயே சிறந்தது என்று நான் நினைக்கிறேன். அதற்காக அவரை வணங்குகிறேன்."

கைதட்டல் இல்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அடுத்து மௌன அஞ்சலி என்று அறிவிக்க உடற்கல்வி ஆசிரியர் ஒலிவாங்கியை வாங்கினார்.

அப்போது மூன்றாவது வரிசையில், இந்த ஆண்டுதான் வேலைக்குச் சேர்ந்த அறிவியல் மிஸ் எழுந்தார். யாரையும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தாளாளருக்கு முன்னால் நடந்து, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார். அது எங்கே போகும் வழி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு ஆசிரியை எழுந்தார். பிறகு ஒரு வரிசையே எழுந்தது. தாளாளர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார், மறுபடி கட்டிக்கொண்டார். உடற்கல்வி ஆசிரியர் ஒலிவாங்கியோடு திகைத்து நிற்க, பின்னாலிருந்து கஸ்தூரி அம்மாவின் குரல் வந்தது. "கொஞ்சம் இரு சார். அவங்கல்லாம் போயிட்டு வந்துரட்டும்."

கூட்டம் காத்திருந்தது. பழைய மாணவர்கள், பெற்றோர்கள், கரீம் பாய், ஷிஃபா, எல்லோரும் எங்களுக்காக அமைதியாகக் காத்திருந்தார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தோம், மிஸ். போய் வாருங்கள்.