பங்களாவின் பதினொரு கதவுகள்

நெடுந்தீவில் ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் குடியிருந்த பங்களாவுக்கு மரியமுத்துதான் கடைசிக் காவலாளி. சண்டைக் காலத்தில் சம்பளம் நின்றது, கூரை விழுந்தது. ஆட்கள் யன்னல்களைக் கழற்றி அடுப்பெரித்தார்கள். அவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மிஞ்சிய பதினொரு தேக்கங் கதவுகளையும் மரியமுத்து கழற்றிக்கொண்டுபோய்த் தன் மாட்டுக்கொட்டிலில் அடுக்கினார். முப்பது வருடமாகக் கறையான் அண்டாமல் வேப்பெண்ணெய் பூசினார். அவருடைய சொந்த வீட்டு வாசலுக்கு இன்றைக்கும் ஓலைத்தட்டிதான்.

சென்ற வருடம் பங்களாவைத் திருத்த அதிகாரி நிமலன் வந்தபோது, கதவுகள் தன்னிடம் இருப்பதை மரியமுத்துவே போய்ச் சொன்னார். நிமலன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"பங்களாப் பலகையில உங்கட பேர் இருக்கும், அண்ணை."

பெயர் இருந்தது. திறப்பு விழாவுக்காக வாசலில் நட்ட பலகையில் எழுதியிருந்தார்கள்: "களவுபோன கதவுகள் மரியமுத்து என்பவரின் மாட்டுக்கொட்டிலிலிருந்து மீட்கப்பட்டன."

அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் நிமலன் தேடி வந்தான். பங்களாவில் ஒவ்வொரு வாசல் நிலையும் ஒவ்வொரு அளவு. தச்சர்கள் மாற்றி மாற்றிப் பொருத்தியும் ஒரு கதவுகூடச் சாத்துப்படவில்லை.

"எந்தக் கதவு எந்த அறைக்கு எண்டு ஒருக்கா வந்து காட்டுங்கோ, அண்ணை. பலகை கந்தோரில மேலதிகாரியள் எழுதினது. நான் என்ன செய்யிறது?"

மரியமுத்து ஓலைத்தட்டியை இழுத்துச் சாத்தினார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அது காவல்காரனுக்குத் தெரியும், தம்பி. கள்ளனுக்குத் தெரியாது."