எனக்கெதிராக நான் கேட்ட கேள்வி

தன்னைப் பிடித்துக் கொடுக்கத் தானே மைக் முன்னால் வரிசையில் நின்ற மடையன் பினாங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நடந்தது போன வருடம், ஜார்ஜ்டவுனில் ஒரு பொது மண்டபத்தில். ஏசி உறைய வைத்த அந்தக் குளிரிலும் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடை. கடைக்காரத் தம்பி என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. என் தலை தெரிந்தாலே நுரை பொங்க ஆற்றிய தேநீர், எங்கள் தே தாரிக், வந்துவிடும். வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது.

அப்படிப்பட்டவன் மீது நான் மாநகர் மன்றத்துக்கு ஒரு புகார் எழுதினேன். மரத்தடியில் என் கிழட்டுக் காரை நிறுத்தும் இடத்தில் மாலையானால் மேசை போட ஆரம்பித்தான். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புகார் போனால் ஒரு மேசை நகரும் என்று நினைத்தேன். லாரி வந்து எல்லா மேசையையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அவனுடைய மாலை வியாபாரம் படுத்தது. "எந்தப் பாவிண்ணே எழுதியிருப்பான்?" என்று தினமும் புலம்புவான். நானும் தேயை ஊதிக்கொண்டே, "மனுசனா அவன்?" என்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கத் தகவல்களை மக்கள் கேட்டுப் பார்க்க நாடு முழுவதற்கும் புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்க இங்கேயும் ஒரு கூட்டம் போட்டார்கள். தம்பி கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என் கையைப் பிடித்தான்.

"ஆபீஸ் ஃபைல் எல்லாம் நாம பார்க்கலாமாம்ணே. என்மேல போட்ட கம்ப்ளெயினைக் காட்ட முடியுமான்னு கேளுங்க. உங்களுக்குத்தான் மலாய் நல்லா வரும்லா."

"அவ்ளோ பேர் முன்னால எப்படித் தம்பி..."

"நீங்க வாயைத் திறந்தா மைக்கே தேவையில்லண்ணே. வாங்க!"

என் முறை வந்தது. ஒரு வியாபாரி மீது யாரோ புகார் கொடுத்திருந்தால் அவர் அதைப் பார்க்கலாமா என்று கணீரென்று கேட்டேன். எழுதியவர் பெயரும் தெரியுமா என்ற மீதிப் பாதி மட்டும் கொசு பறப்பதுபோல் வெளியே வந்தது.

"இன்னும் சத்தமாண்ணே!" என்றான் தம்பி பின்னாலிருந்து.

மேடையில் இருந்த அதிகாரியம்மா சிரித்தபடி, புகார் கொடுத்தவரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அவருக்கும் பாதுகாப்பு வேண்டுமல்லவா என்றார். தண்ணீர்மலை உச்சியில் காவடியை இறக்கிவைத்தவன்போல் மூச்சு விட்டேன். கூட்டத்தில் முதலில் கைதட்டியதும் நான்தான்.

அவர் இன்னும் முடிக்கவில்லை. புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வாய்ப்பு உண்டாம். அதற்குப் புதுச் சட்டம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாமாம். பினாங்கு மாநிலத்தில் ஏற்கெனவே அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம், மனு போட்டால் போதுமாம்.

"அது போதும்ணே எனக்கு! திங்கக்கிழமை போயிருவோம்," என்றான் தம்பி.

திரும்பி வரும் வழியில்தான் நான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. 'மரத்தடியில் என் காரை நிறுத்த முடியவில்லை.' இதற்குக் கீழே பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இப்போது மேசைகள் முறையான அனுமதியோடு திரும்பி வந்துவிட்டன. அனுமதிக்கான மனுவை எழுதியது நான். என் கார் இரண்டு தெரு தள்ளி வெயிலில் காய்கிறது. அரசாங்கம் எதையும் மறைக்கக் கூடாது என்று அந்தக் கடையில் உட்கார்ந்து இன்றும் முழங்குகிறேன். ஆனால் ஒரு தே குடிக்கிற நேரத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதைக் கொண்டுபோய் ஃபைலுக்குள் ஒளித்தவன் நான்தானே என்ற நினைப்பு வந்ததும் குரல் தானாக இறங்கிவிடும்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை, கடையில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்: "தம்பி, அந்தக் கம்ப்ளெயின் எழுதின பாவி நான்தான்."

தே ஆற்றிய கை நிற்கவே இல்லை. எப்போதும்போல் நுரை ததும்ப என் முன்னால் குவளையை வைத்துவிட்டுச் சொன்னான்:

"அந்த மரத்தடியில உங்களைத் தவிர யாருண்ணே கார் போடுறா?"