இரண்டு கிழமைப் பரிசோதனை

அஜைல் என்ற புது வேலைமுறை எங்கள் கிளிநொச்சிப் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு வந்த முதல் நாள், கதிரைகளை எல்லாம் வெளியே தூக்கி வைத்தார்கள். இனிக் காலைக் கூட்டம் நின்றபடிதான், பதினைந்தே நிமிடம் என்றார் கொழும்புத் தலைமையகத்திலிருந்து வந்த மேலாளர். சுவரில் ஒரு பலகை, அதில் மஞ்சள் தாள்கள். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சின்னதாக ஒன்றை இரண்டு கிழமை செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் விடுவது. அந்தப் பதினான்கு நாளுக்குப் பெயர் ஸ்பிரிண்ட். நான் மேலிடத்துக் கடிதத்துக்குக் காத்திருந்தே களைத்துப்போன வெளிக்கள உத்தியோகத்தன். உண்மையைச் சொன்னால், எனக்கு இது பிடித்துப்போனது.

முதல் ஸ்பிரிண்டுக்கு யோசனை கொடுத்ததும் நான்தான். உருத்திரபுரத்து ஒழுங்கைகளுக்குள் பால் வண்டி சுற்றுவதால் நேரம் வீணாகிறது. ஆட்கள் காலை ஏழு மணிக்குள் சந்திக்குப் பாலைக் கொண்டுவரட்டும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இது ரெண்டு கிழமைக்குத்தான் எண்டு சனத்துக்குச் சொல்லுவமோ, சேர்?" என்று கேட்டேன்.

"சொன்னா யாரும் பழக மாட்டாங்க. பெயிலானா பழையபடி மாத்திக்கலாம், பயப்படாதீங்க," என்றார் மேலாளர்.

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்த தவமணி அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு பசு. கணவர் பாரிசவாதத்தில் படுக்கையில். அவரைத் துடைத்து, சாப்பாடு தீத்திவிட்டு அக்கா சந்திக்கு ஓடிவருவதற்குள் வண்டி போய்விடும். முதல் கிழமையில் நான்கு நாள் பாலோடு திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் என்னை மறித்தார்.

"தம்பி, இனி ஒழுங்கைக்குள்ள வரவே மாட்டியளோ?"

"புது முறை, அக்கா," என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

இரண்டு கிழமை முடிந்தது. பால் வரத்து குறைந்துவிட்டதால் யோசனை தோல்வி. "பரவாயில்ல, சீக்கிரமே கத்துக்கிட்டோமே," என்று மேலாளர் சந்தோஷப்பட்டார். வண்டி மறுபடியும் உள்ளே வரும் என்று சொல்ல, அன்றே மோட்டார் சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பசுவை முந்தாநாள்தான் விற்றிருந்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை.

"ரெண்டு கிழமைக்குத்தான் எண்டு அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, எப்பிடியும் சமாளிச்சிருப்பனே தம்பி."

குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எந்த நாளும் பால் விட்டுத் தருகிறவர், அன்று வெறும் தேத்தண்ணிதான் தந்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். அஜைல் கெட்டதில்லை, செய்து பாருங்கள். ஆனால் பலகையில் தாளை ஒட்டுவதற்கு முன், அது யாருடைய வீட்டில் நடக்கப்போகிறதோ அந்த வாசல் படலையடிக்குப் போய், இது பரிசோதனை என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.